ஆற்றுக்கும் ஒரு பங்கு

அவுஸ்திரேலியாவின் மரே - டார்லிங் வடிநிலத்தில் நீர் பங்கிட்ட கதை

நிலத்தைப் பங்கிடுவது எளிது. நில அளவையாளர் சங்கிலி பிடித்து அளந்து எல்லைக் கல்லை நாட்டிவிட்டால், அடுத்த ஆண்டும் அந்நிலம் அதே இடத்தில் அதே அளவில் இருக்கும். ஆற்று நீரைப் பங்கிடுவது அவ்வாறன்று. ஓராண்டு கரைபுரண்டு ஓடி ஊர்களை மூழ்கடிக்கும் ஆறு, மற்றோராண்டு மணலும் குட்டையுமாகக் கிடக்கும். மேட்டு நிலத்தான் மதகைத் திறந்தால் பள்ளத்து நிலத்தானுக்குக் குறையும். ஊர் வாய்க்கால் ஒன்றிலேயே அண்ணன் தம்பிக்குள் வழக்கு உண்டாகின்றதென்றால், நான்கு மாநிலங்களினூடாக ஓடும் பெருநதித் தொகுதி ஒன்றில் எத்துணை வழக்கு எழும் என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அத்தகைய வழக்கொன்றை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் நாடு அவுஸ்திரேலியா. மரே, டார்லிங் என்னும் இரு நதிகளின் நீரை எவர் எவ்வளவு எடுப்பது என்பதே வழக்கு. மாநிலங்கள் தத்தம் பங்கைக் கேட்டன, பழத்தோட்டக்காரர் கேட்டனர், நெற்செய்கையாளர் கேட்டனர், நகரங்கள் கேட்டன. அனைவருக்கும் பங்கு எழுதிய பின்னர்தான், பங்கு எழுதப்படாத ஒருவர் இருக்கின்றார் என்பது தெரியவந்தது. அவர் வேறு யாருமல்லர், அந்த ஆறேதான்.

வறண்ட கண்டத்தின் பெருநதி

அவுஸ்திரேலியப் படத்தின் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். அங்கே பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு, அதாவது அக்கண்டத்தின் ஏழில் ஒரு பங்கு, தன்மேல் விழும் மழைநீரை இவ்விரு நதிகளுக்கே வடித்துவிடுகின்றது. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய நான்கு மாநிலங்களின் பகுதிகளும், தலைநகரான கன்பெராவைச் சூழ்ந்த பிரதேசமும் இதனுள் அடங்கும். மரே நதி தென்கிழக்கு மலைத்தொடரிற் பிறந்து மேற்கு நோக்கி 2,500 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடுகின்றது. வடக்கிலிருந்து வரும் டார்லிங், வென்ற்வேர்த் என்னும் ஊரில் அதனோடு கலக்கின்றது. பின்னர் தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியைக் கடந்து, மணல் மேடுகளுக்கிடையே ஒரு சிறு வாயிலின் வழியாகக் கடலைச் சேர்கின்றது.

பரப்பைக் கண்டு நீரும் மிகுதி என்று எண்ணிவிடலாகாது. இவ்வடிநிலத்தில் விழும் மழையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு வெயிலாலும் மரஞ்செடிகளாலும் வானுக்கே திரும்பிவிடுகின்றது. நிலத்துக்குள் இரண்டு பங்கு இறங்குகின்றது. எஞ்சிய நான்கு பங்குதான் ஆறுகளில் ஓடுகின்றது.

அந்த நான்கு பங்கும் ஆண்டுதோறும் ஒரேயளவாக வருவதில்லை. அந்நாட்டார் ஆற்று நீரை ஜிகாலீற்றர் என்னும் அளவால் அளக்கின்றனர். ஒரு கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றர் அகலமும் உள்ள நிலத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நின்ற நீர் ஒரு ஜிகாலீற்றர் ஆகும். இந்த அளவின்படி சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 32,000 ஜிகாலீற்றர் நீர் இவ்வடிநிலத்து ஆறுகளில் வந்து சேர்கின்றது. ஆனால் 1956 ஆம் ஆண்டு வெள்ளத்தில் 117,000 க்கு மேல் வந்தது. 2006 ஆம் ஆண்டு வறட்சியில் 7,000 ஐயும் எட்டவில்லை. சராசரியை நம்பிப் பங்கு எழுதியவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் இங்கேயே இருக்கின்றது.

கப்பலா, கழனியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுஸ்திரேலியா ஒரே நாடாக இருக்கவில்லை. தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்தது. 1853 இல் மரே நதியில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. ஆட்டு ரோமப் பொதிகள் உள்நாட்டிலிருந்து ஆற்று வழியாக வந்து இறங்கியமையால், ஆற்றின் கடைக்கோடியிலிருந்த தென் அவுஸ்திரேலியா செழித்தது. ஆதலின், கப்பல் மிதக்குமளவுக்கு ஆற்றில் நீர் ஓடவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

மேலேயிருந்த விக்டோரியாவுக்கோ வேறு நோக்கம். பின்னாளில் அவுஸ்திரேலியாவின் பிரதமராகிய அல்பிரட் டீக்கின் 1885 இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, அங்கே பாலை நிலத்தைப் பழத்தோட்டமாக்கியிருந்த நீர்ப்பாசன முறைகளைக் கண்டு வந்தார். 1886 இல் விக்டோரியாவில் ஒரு சட்டம் பிறந்தது. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கே ஆற்று நீர் உரியது என்னும் பழைய ஆங்கிலேய வழக்கத்தை அது ஒதுக்கி, நீரைப் பயன்படுத்தும் உரிமையை அரசுக்கு உரித்தாக்கியது. அடுத்த ஆண்டு, கலிபோர்னியாவிலிருந்து வந்த சாபி சகோதரர் மில்டியூராவிலும் ரென்மார்க்கிலும் நீர்ப்பாசனக் குடியேற்றங்களைத் தொடங்கினர். செம்மண் வெளியில் திராட்சையும் தோடையும் காய்த்தன.

நியூ சவுத் வேல்ஸ், தனக்கும் விக்டோரியாவுக்கும் எல்லையாக ஓடும் மரே நதியின் நீர்ப்பரப்பு முழுவதும் சட்டப்படி தன் எல்லைக்குள் அடங்குவது என்றது. அதுவும் பொய்யன்று, 1855 ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம் அவ்வாறே எழுதியிருந்தது. மூவர் வாதமும் மூன்று திசையில் இழுத்தன.

1901 இல் இக்குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடிச் சமஷ்டி அரசை அமைத்தபோது, நதிநீர்ப் பிரச்சினை அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. பாதுகாப்புக்கும் பாசனத்துக்கும் ஆற்று நீரை நியாயமான அளவு பயன்படுத்தும் மாநிலங்களின் உரிமையை, மத்திய அரசு தன் வர்த்தகச் சட்டங்களாற் குறைக்கலாகாது என்று அதன் நூறாம் பிரிவு விதித்தது. நியாயமான அளவு என்பது எவ்வளவு என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

மூன்று மாநிலங்களின் உடன்படிக்கை

மனிதரை ஒரே மேசைக்கு அழைத்து வந்தது வறட்சிதான். 1895 முதல் ஏழெட்டு ஆண்டுகள் வானம் பொய்த்தது. ஆட்டு மந்தைகள் மடிந்தன. 1902 ஏப்ரலில் ஆற்றங்கரை ஊராகிய கொரோவாவில் ஒரு மாநாடு கூடியது. அங்கே தொடங்கிய பேச்சு முடிவுற மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1914 இல் மத்திய அரசும் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய மூன்று மாநிலங்களும் மரே நதிநீர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதனை நடத்தும் ஆணைக்குழு 1917 இல் வேலையைத் தொடங்கியது.

உடன்படிக்கையின் சாரம் இதுதான். அல்பரி நகரில் ஓடும் நீரை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சரிபாதியாகக் கொள்ளும். அதற்குக் கீழே கலக்கும் கிளையாறுகள் அவை தோன்றும் மாநிலத்துக்கே உரியன. இவ்விரு மாநிலங்களும் தம் பங்கிலிருந்து தென் அவுஸ்திரேலியாவுக்கு மாதந்தோறும் குறித்த அளவு நீரை விடவேண்டும். இன்று அந்த அளவு, கடும் வறட்சி இல்லாத காலத்தில், ஆண்டுக்கு 1,850 ஜிகாலீற்றர். நீரைச் சேர்த்துவைக்க அல்பரிக்கு அருகே ஹியூம் அணைக்கட்டு 1919 இல் தொடங்கி 1936 இல் முடிக்கப்பட்டது. ஆற்றின் வழியெங்கும் தடுப்பணைகளும் படகு ஏறியிறங்கும் வாயில்களும் எழுந்தன. கடல்நீர் ஏரிக்குள் ஏறாதபடி முகத்துவாரத்தில் ஐந்து தடுப்புகள் 1940 அளவில் முற்றுப்பெற்றன.

குணங்கூறவேண்டிய இடத்திற் கூறவேண்டும். ஒருவரையொருவர் நம்பாத மாநிலங்கள் ஒரே கணக்குப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டது சிறு செயலன்று. உலகப் போர்களையும் வறட்சிகளையும் தாண்டி அவ்வுடன்படிக்கை நின்றது; அரைகுறை மழை பெய்த ஆண்டிலும் கடைக்கோடி மாநிலத்துக்கு நீர் சென்றது. ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. டார்லிங்கின் தலைப்பக்கத்தில் இருந்த குவீன்ஸ்லாந்து அதிற் சேரவில்லை. ஆற்றில் எவ்வளவு நீரை எடுக்காமல் விடவேண்டும் என்பதும் அதிற் சொல்லப்படவில்லை.

அளக்கும் சக்கரமும் ஆண்டுப் பங்கும்

பங்கு எழுதினாற் போதாது. அளந்து கொடுக்கவும் வேண்டும். 1910 இல் விக்டோரிய நீர்வழங்கல் ஆணையாளருள் ஒருவராயிருந்த ஜோன் டெத்ரிஜ் ஓர் எளிய பொறியை அமைத்தார். வாய்க்காலிலிருந்து தோட்டத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் தகடுகள் பொருத்திய உருளைச் சக்கரம் ஒன்றை வைத்தார். நீர் செல்லச் செல்லச் சக்கரம் சுழலும்; சுற்றுகளை ஒரு கருவி எண்ணும்; எண்ணிக்கையைக் கொண்டு நீரின் அளவைக் கூறிவிடலாம். அச்சக்கரங்கள் ஆயிரக்கணக்கில் அந்நாட்டு வயல் வாயில்களில் சுழன்றன. அண்மைக் காலத்தில் அவற்றினும் நுட்பமான மானிகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

ஆண்டுதோறும் பங்கு எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பது மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. ஒருவருக்கு உள்ள நிலையான உரிமையை நீர் உரித்து என்போம். அந்த உரித்தின்மீது அவ்வாண்டு உண்மையிற் கிடைக்கும் நீரை ஒதுக்கீடு என்போம். நூறு அளவு உரித்து உள்ளவருக்கு, நாற்பது விழுக்காடு ஒதுக்கீடு என்று அறிவிக்கப்பட்டால் நாற்பது அளவே கிடைக்கும். யூலை மாதம் நீராண்டு தொடங்கும்போது அணைகளில் உள்ள நீரையும் வரக்கூடிய நீரையும் கணக்கிட்டு முதல் அறிவிப்பு வெளிவரும். மழை பெய்யப் பெய்ய ஒதுக்கீடு உயர்த்தப்படும்.

உரித்திலும் தரம் உண்டு. குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் முதலிடம். அடுத்து, வறட்சியிலும் பெரும்பாலும் கிடைக்கக்கூடிய உயர் பாதுகாப்பு உரித்து. அதன்பின் பொதுப் பாதுகாப்பு உரித்து. திராட்சைக் கொடியும் பழமரமும் ஓராண்டு நீரின்றிப் பட்டுவிட்டால் மீண்டும் வளர்க்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் அவற்றை வளர்ப்போர் முன்னையதை நாடுவர். நெல்லோ பருத்தியோ பயிரிடுவோர் நீர் இல்லாத ஆண்டில் விதைக்காமல் இருந்துவிடலாம். அவர்களிடம் பின்னையதே மிகுதி. விக்டோரியா அடுத்த ஆண்டுக்கென அணையில் நீரை மிச்சம் பிடித்துவைக்கும். நியூ சவுத் வேல்ஸ் இவ்வாண்டு உள்ளதைப் பெரும்பாலும் இவ்வாண்டே பகிர்ந்துவிடும். ஒவ்வொன்றும் தன் பயிருக்கு ஏற்ற வழியைப் பிடித்தது.

எங்கள் நாட்டில் குளத்து நீர் குறைந்த ஆண்டில் கமக்காரர் சிறுபோகக் கூட்டம் கூடி, இவ்வளவு ஏக்கர்தான் விதைப்பது என்று முடிவு செய்கின்றனர் அல்லவா? அதே நியாயந்தான் அங்கே இலக்க வடிவில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நீர் உரித்தை நிலத்திலிருந்து பிரித்து விற்கவும் வாங்கவும் முடியும். பஞ்சத்தில் நீர் எங்கே அதிக வருவாய் தருமோ அங்கே அது செல்லும் என்பது இதனால் வரும் நன்மை. பால்மாடு வளர்த்த குடும்பம் நீரை விற்றுவிட, தொலைவிலுள்ள வாதுமைத் தோட்டம் அதை வாங்கிவிட, முன்னைய ஊரின் கடையும் பள்ளிக்கூடமும் மெலிந்துபோவது இதனால் வரும் தீமை.

ஆறு பட்ட பாடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அணைகள் பெருகின. மலையின் மறுபக்கம் ஓடிய ஸ்நோயி நதியின் நீரைச் சுரங்கங்களினூடாக மரே பக்கம் திருப்பிய பெருந்திட்டம் 1949 இல் தொடங்கி 1974 இல் முடிந்தது. ஒவ்வோர் அணையும் எழ, புதிய உரித்துகள் வழங்கப்பட்டன. போர்க்கால முடிவிலிருந்து 1990 களின் நடுப்பகுதி வரையிலான அரை நூற்றாண்டில் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட நீர் ஏறத்தாழ மும்மடங்காகியது.

ஆறு தன் வருத்தத்தைத் தெரிவிக்கத் தொடங்கியது. 1981 இல், எழுத்துமூல வரலாற்றில் முதன்முறையாக, மரேயின் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீற்றர் ஓடிவந்த நதிக்குக் கடைசிச் சில அடிகளைக் கடந்து கடலைச் சேர வலுவில்லை. 1991 இன் இறுதியில் டார்லிங் நதியில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. நீர் பச்சை மையாயிற்று. மாநில அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. நிலத்தடியில் உறங்கிக்கிடந்த பழங்கால உப்பு, காடழிப்பாலும் பாசனத்தாலும் நிலத்தடி நீர் உயர்ந்தபோது ஆற்றிற் கசிந்தது. அந்த ஆற்றைக் குடிநீருக்கு நம்பியிருந்த நகரம், கடைக்கோடியில் உள்ள அடிலெயிட்.

1995 இல் மாநிலங்கள் விழித்துக்கொண்டு ஓர் உச்ச வரம்பு விதித்தன: 1993 - 94 ஆம் ஆண்டு வளர்ச்சி நிலையில் எடுக்கப்பட்ட அளவுக்கு மேல் இனி எடுக்கலாகாது என்பது அது. வரம்பு நல்லதே. எனினும், ஏற்கெனவே மிகையாக எடுத்துக்கொண்டிருந்த அளவையே அது நிலைநிறுத்தியது.

வானம் அடுத்த பரீட்சையை வைத்தது. 1997 தொடக்கம் 2009 வரை நீண்ட வறட்சியை அந்நாட்டார் ஆயிரமாண்டு மாறிய காலத்து வறட்சி என்று பெயரிட்டு அழைக்கின்றனர். 2002 இல் முகத்துவாரத்தில் தூர்வாரும் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. அவை 2010 வரை இரவும் பகலும் மணலை அள்ளின. நியூ சவுத் வேல்ஸ் பகுதி மரேயில் பொதுப் பாதுகாப்பு உரித்தாளருக்கு ஒதுக்கீடு பூச்சியம் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. 2009 இல் அலெக்சாண்ட்ரினா ஏரியின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் கீழே இறங்கியது. கரையில் வெளிப்பட்ட சேறு காற்றுப்பட்டு அமிலமாக மாறிற்று.

ஆறும் ஓர் உரித்தாளனாகியது

2007 இல் பாராளுமன்றம் நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆற்று நீர் மாநிலங்களின் ஆட்சிக்கு உட்பட்டதாயிற்றே, மத்திய அரசு எவ்வாறு தலையிட்டது என்று சட்டம் பயிலும் மாணவர் கேட்கலாம். அவுஸ்திரேலியா ஒப்பமிட்ட சர்வதேச உடன்படிக்கைகளை, குறிப்பாக ஈரநிலங்களைக் காக்கும் 1971 ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையை, நிறைவேற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. அந்த வாயிலினூடாகவே பெரும்பாலும் அச்சட்டம் நுழைந்தது. பின்னர் மாநிலங்கள் தம் அதிகாரங்கள் சிலவற்றையும் கையளித்தன. 2008 இல் மரே - டார்லிங் வடிநில அதிகாரசபை அமைந்தது.

முதன்முறையாகக் கேள்வி தலைகீழாகக் கேட்கப்பட்டது. முன்னர், யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பங்கு எழுதினார்கள். இப்போது, ஆறு உயிரோடிருக்க எவ்வளவு வேண்டும் என்று முதலிற் கணக்கிட்டு, எஞ்சியதைப் பகிரவேண்டும் என்றாயிற்று. 2010 ஒக்டோபரில், 3,000 முதல் 4,000 ஜிகாலீற்றர் வரை ஆற்றுக்குத் திரும்ப விடவேண்டும் என்று கூறும் முன்னறிக்கை வெளிவந்தது. பாசன நகரமாகிய கிரிபித்தில் கமக்காரர் திரண்டு அவ்வறிக்கையின் பிரதிகளைத் தீயிலிட்டனர். அவர்களின் கோபத்தையும் விளங்கிக்கொள்ளவேண்டும். அரசே அழைத்துக் குடியிருத்தி, அரசே உரித்து எழுதிக் கொடுத்து, மூன்று தலைமுறை உழைத்த பின்னர், அதே அரசு நீரைத் திரும்பக் கேட்டது.

2012 நவம்பரில் வடிநிலத் திட்டம் சட்டமாயிற்று. அதன் தொடக்கக் கணக்கின்படி மேற்பரப்பு நீரில் ஆண்டுதோறும் சராசரியாக 13,623 ஜிகாலீற்றர் எடுக்கப்பட்டும் தடுக்கப்பட்டும் வந்தது. அதில் 2,750 ஐ ஆற்றுக்குத் திருப்பி, எடுக்கத்தக்க எல்லையை 10,873 என்று திட்டம் வரையறுத்தது. இந்தப் பேரெல்லை ஒவ்வோர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் தனித்தனி எல்லைகளாகப் பிரிக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் நீரை எவ்வாறு பகிர்வது, வறட்சி முற்றினால் எவருக்கு முதலில் கொடுப்பது, ஈரநிலங்களுக்கு எப்போது விடுவது, நீரின் தரத்தை எவ்வாறு காப்பது என்பவற்றை மாநில அரசுகள் பள்ளத்தாக்கு வாரியாகத் திட்டமாக எழுதி மத்திய அரசின் அங்கீகாரம் பெறவேண்டும். ஆண்டு முடிவில் எடுக்க அனுமதித்ததும் உண்மையில் எடுத்ததும் ஒப்புநோக்கப்படும்.

ஆற்றுக்குரிய நீரை எவ்வாறு பெற்றார்கள்? எவரிடமும் பறிக்கவில்லை. விற்க இசைந்தவர்களிடமிருந்து அரசு உரித்துகளை விலைக்கு வாங்கியது. கசியும் வாய்க்கால்களைச் செப்பனிடப் பணம் கொடுத்து, மிச்சமான நீரில் பங்கு பெற்றது. இவ்வாறு பெற்ற உரித்துகளை வைத்திருப்பதற்கெனத் தனி அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். கமக்காரனின் உரித்துக்கு நாற்பது விழுக்காடு ஒதுக்கீடு என்றால், அதே தர உரித்துக்கு ஆற்றுக்கும் நாற்பதே. பெருமழை பெய்து ஆறு பெருகும் வேளை பார்த்து அந்த நீரையும் அணையிலிருந்து சேர்த்து விடுவர். வெள்ளம் சிறிது உயர்ந்து சதுப்பு நிலங்களுக்குள் ஏறும். செங்கோந்து மரங்களின் வேர் நனையும். நீர்ப்பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். ஹியூம் அணையில் திறந்த நீர் தென் அவுஸ்திரேலிய எல்லையை அடைய ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகுமாதலால், இதற்கு முன்யோசனையும் பொறுமையும் வேண்டும்.

மெனிண்டியில் நடந்தது

திட்டம் எழுதியவுடன் நோய் தீர்ந்துவிடவில்லை. வடக்கே டார்லிங் நதியின் நிலைமை வேறு. அங்கே பெரிய அணைகளில் நீரைத் தேக்கி அளந்து விடும் வசதி குறைவு. வெள்ளம் வரும்போது பருத்திச் செய்கையாளர் அதைத் தம் நிலத்துத் தேக்கங்களில் ஏற்றிக்கொள்வர். பல இடங்களில் மானி இல்லை. 2017 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, வடபகுதியில் நீர் களவாடப்படுவதாகவும் கண்காணிப்புத் தளர்ந்துவிட்டதாகவும் குற்றஞ்சாட்டியது. விசாரணைகள் நடந்தன, நீர் எடுப்பதைக் கண்காணிக்கப் புதிய அமைப்புகள் மாநிலத்திலும் மத்தியிலும் தோன்றின.

2018 டிசெம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டி என்னும் சிற்றூரில் நடந்ததை உலகமே படத்திற் பார்த்தது. 2016 இல் வெள்ளத்தால் நிறைந்த அவ்வூர் ஏரிகள் 2018 முடிவதற்குள் வறண்டுவிட்டன. ஆற்றில் ஓட்டம் நின்று, எஞ்சிய குட்டைகளில் பாசி படர்ந்தது. வெப்பத்தின் பின் திடீரெனக் குளிர்காற்று வீச, மேல்நீரும் அடிநீரும் கலந்தன, பாசி மடிந்தது, நீரில் கரைந்திருந்த பிராணவாயு அற்றுப்போயிற்று. இலட்சக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அவற்றுள் பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆளளவு பருத்த மரே கொட் மீன்களும் இருந்தன. வறட்சி மட்டும் இதற்குக் காரணமன்று, முன்னைய வறட்சிகளில் இவ்வாறு நிகழவில்லை, மேலே மிகையாக நீர் எடுத்தமையே ஆற்றை இந்நிலைக்குக் கொண்டுவந்தது என்று அவுஸ்திரேலிய விஞ்ஞானக் கழகம் அமைத்த நிபுணர் குழு 2019 இல் கூறியது. 2023 மார்ச்சில், வெள்ளம் வடிந்த பின்னர், அவ்வூரிலேயே மீண்டும் கோடிக்கணக்கான மீன்கள் மடிந்தன.

அந்த நதியைப் பார்க்கா என்று அழைப்பவர் பார்க்கிஞ்சி மக்கள். ஆற்றுக்குரியோர் என்பதே அவர்களின் பெயருக்குப் பொருள். அவர்களின் தொல்லுரிமையை நீதிமன்றம் 2015 இல் ஏற்றது. ஆனால் நில உரிமையோடு நீர் உரித்து வரவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பகுதி வடிநிலத்தில் ஆதிக்குடிகள் கையில் உள்ள நீர் உரித்து நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்களுக்காக உரித்து வாங்க ஒதுக்கிய தொகையை அரசு 2023 இல் பத்துக் கோடி டொலராக உயர்த்தியது. பல்லாயிரம் ஆண்டுகள் அந்த ஆற்றோடு வாழ்ந்தவர்கள், பங்கு கேட்கும் வரிசையில் கடைசியாக நிற்கின்றனர்.

நாம் அறியவேண்டியவை

2024 க்குள் நிறைவேற வேண்டிய வேலைகள் பல முடியாமையால், 2023 இல் புதிய சட்டம் இயற்றிக் காலத்தை நீடித்தனர். அரசு மீண்டும் உரித்துகளை விலைக்கு வாங்க அச்சட்டம் வழிவிட்டது. பாசன ஊர்கள் அதை எதிர்த்தன. மூலச் சட்டம் 2026 ஆம் ஆண்டைத் திட்டத்தின் மீளாய்வுக்கென வகுத்திருக்கின்றது.

ஒரு நதிநீர்த் திட்டம் சரியானதா என்று பார்ப்பதற்கு இந்த நீண்ட கதை நமக்குச் சில கேள்விகளைக் கற்றுத் தருகின்றது. நல்ல மழை பெய்த ஆண்டை வைத்துப் பங்கு எழுதினார்களா, வறண்ட ஆண்டையும் எண்ணி எழுதினார்களா? எடுக்கும் நீர் அனைத்தும் அளக்கப்படுகின்றதா, அளப்பதை எவரேனும் மேற்பார்வை செய்கின்றனரா? ஆற்றின் தலைப்பக்கத்தில் இருப்பவரும் ஒப்பமிட்டிருக்கின்றனரா? கடைக்கோடியில் இருப்பவருக்கு எந்த மாதத்தில் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கின்றதா? பங்கைக் குறைக்க நேர்ந்தால் அதனால் நொடியும் ஊருக்கு என்ன செய்வது என்று எண்ணியிருக்கின்றார்களா? இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஆறு கடலைச் சேரும்வரை ஓடுவதற்கு ஒரு பங்கு ஒதுக்கினார்களா?

கடைசிக் கேள்வியை அவுஸ்திரேலியர் 1914 இல் கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் ஒரு செலவுமின்றி அப்பங்கை ஆற்றுக்கு விட்டிருக்கலாம். நூறாண்டு கழித்துக் கேட்டபோது, அதே நீரைக் கோடிக்கணக்கான டொலர் கொடுத்துத் தம் மக்களிடமிருந்தே விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. இனிமேல் எந்த நாட்டில் எந்த ஆற்றின் நீரைப் பங்கிட எவர் அமர்ந்தாலும், முதற் பங்கை ஆற்றின் பெயருக்கு எழுதிவிட்டு மற்றப் பெயர்களை எழுதத் தொடங்குவார்களாக.